எழுபதுக்கு அறுபத்து மூன்று வாங்கிய பவுன்

786

சங்கரன்கோவில்,
ரமலான் பிறை 21.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் மைதீன் பாட்சா அவர்கள் சமுகத்துக்கு, முகம்மது ஹுசைன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இறையருளால் இங்கே நானும் என் மனைவி அலிமா பீவியும் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் மருமகன் ரிஸ்வான் அகமதும் என் மகள் மிஸ்ரியாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். தங்கள் நலத்தைக் குரலில் கேட்டே விசாரித்திருப்பேன். ஆனால் ஒன்பது நாளாகத் தாங்கள் கைபேசியை எடுப்பதில்லை. மிஸ்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டால் மாமா வெளியே போயிருக்கிறார்கள் என்கிறாள். காலையில் கேட்டாலும் வெளியே, நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்டாலும் வெளியே. முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். என்னைக் கண்டதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போகிற பயணிகளை எழுப்பி எழுப்பியே தலை நரைத்தவன். எனக்கு எல்லாம் புரியும். பெண்ணைக் கொடுத்த இடம், மரியாதை குறையக் கூடாது என்று அலிமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நோன்பு வாயோடு புறம் பேசக் கூடாது என்றும் சொன்னாள். நான் புறம் பேசவில்லை, உரியவருக்கே நேராக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கடையநல்லூரில் தங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தோம். பிரியாணி நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுக் கை துடைக்கும்போது நான் வாயைச் சும்மா வைத்திருந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நான் ஓய்வுபெற்று அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மிஸ்ரியாவின் கல்யாணக் கடன், வீட்டுக் கூரை எல்லாம் போகப் பணிக்கொடையில் நான்கு லட்சம் மிச்சம் இருக்கிறது, அலிமாவை மக்காவுக்கு உம்ரா கூட்டிப் போகலாமென்று இருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். துபாயில் இருபத்து நான்கு வருஷம் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போட்ட தாங்கள், ஊர் திரும்பியதும் மற்றவர்களைப் போல ஒரு ஜவுளிக் கடையோ பேக்கரியோ வைக்காமல் பழைய காசுகளில் நிபுணர் ஆகியிருந்தீர்கள். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தீர்கள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் வெள்ளை உறை. வைகாசி வெக்கையில் மனிதன் பனியனையே கழற்றிப் போடலாமா என்று யோசிக்கிற வேளையில் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தால் பார்ப்பவன் என்ன நினைப்பான்? வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன். என் டீ தம்ளரை நான்கடி தள்ளி வைக்கச் சொன்னீர்கள். பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் வைத்தீர்கள். அதன் நடுவே ஒரு ராஜா தலைப் பவுன், பவுனுக்கு மேலே ஒரு சீட்டு, சீட்டில் ஒரு நம்பர், பளபளவென்று ஒரு முத்திரை.

“வங்கியில போட்டா வட்டி, அது நமக்கு ஆகாது. நகை எடுத்தா செய்கூலியும் சேதாரமும் தின்னுட்டுப் போயிரும். நெலம் வாங்கினா பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப நவுத்திக்கிட்டே வருவான். இது ஒண்ணுதான் சம்பந்தி, சும்மா கெடந்து வளருதது” என்றீர்கள்.

எந்தக் காசை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினீர்கள். நான் பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மீது எரிச்சல் வருகிறது. உலகத்தில் எங்கேயோ ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே காசுக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். மொத்தம் எழுபது மார்க். ராஜாவின் தாடியில் முடி எவ்வளவு பிரிபிரியாகத் தெரிகிறதோ, கன்னத்தில் கீறல் எவ்வளவு குறைவோ அவ்வளவு மார்க். பரீட்சை முடிந்ததும் காசை டப்பாவில் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டி, மார்க்கைச் சீட்டில் அச்சடித்துத் தருவார்களாம். தாங்கள் எனக்கென்று பார்த்து வைத்திருந்த காசு எழுபதுக்கு அறுபத்து மூன்று வாங்கியிருந்தது; லாபம் வைக்காமல் வாங்கிய விலைக்கே நான்கு லட்சம். அதே ராஜா, அதே வருஷம், அதே எடை, ஆனால் அறுபத்தைந்து வாங்கிய காசு ஏழு லட்சம் என்றீர்கள். இரண்டு மார்க்குக்கு மூன்று லட்சமா என்று நான் கேட்டதற்கு, விஷயம் தெரியாத மனிதரைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தீர்கள். நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு மார்க் குறைந்து மறுபடி எழுதியவன்தான். அந்த இரண்டு மார்க்குக்கு மூன்று லட்சம் கேட்க யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். எத்தனை பேர் கையில் புழங்கியதோ அந்த அளவுக்குக் காசின் மதிப்பு குறைவாம். அடித்த அன்றே பெட்டிக்குள் போய், சந்தையையே பார்க்காமல், ஒரு படி அரிசிகூட வாங்கிக் கொடுக்காமல் நூறு வருஷம் படுத்துக் கிடந்த காசுக்குத்தான் மார்க் அதிகமாம். யோசித்துப் பாருங்கள் சம்பந்தி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, புளியங்குடி எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, சிவகிரி வரைக்கும் சீட்டுப் பார்த்துக்கொண்டே போய், முப்பத்தொரு வருஷம் வேலைக்குப் போன ஒரு மனிதனின் மிச்சப் பணம் முழுவதும் ஒருநாள்கூட வேலைக்குப் போகாத ஒரு காசுக்குப் போயிற்று. இதைத் தாங்கள் முதலீடு என்கிறீர்கள்.

அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். “மூணு வருஷம் தொடாம வைங்க சம்பந்தி. உம்ராப் பணம் ஹஜ்ஜுப் பணமா ஆகியிரும்.” பக்கத்து அறையிலிருந்து அலிமா அதைக் கேட்டுவிட்டாள். பேருந்தில் வரும்போது சேர்ந்தமரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு, ஹஜ்ஜுக்கே போகலாமா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைக்கவில்லை. மறுவாரமே பணத்தைக் கொண்டுவந்து கொடுத்து டப்பாவை வாங்கினேன். கொடுக்கும்போது தாங்கள் கையுறை மாட்டியிருந்தீர்கள். என் பணத்தை எண்ணும்போது மட்டும் கழற்றினீர்கள். அதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் என்று சொல்ல முடியாது, மூன்று பேர் இருந்தோம். டப்பாவில் வெயில் படக் கூடாது, ஈரம் படக் கூடாது, பாச்சை உருண்டை பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தாங்கள் வாரம் ஒருமுறை போனில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் காக்கிச் சட்டைகள் இருந்த தட்டை அதற்கு ஒழித்துக் கொடுத்தோம். மூன்றாம் வீட்டு ஆயிஷம்மாள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வேலையிலிருந்து ஓய்வுபெறும்போது கொடுத்த மெடலா என்று கேட்டார். நான்கு லட்சம் என்றதும், யாருக்கு என்றார். அவருக்கு நான் விளக்கம் சொல்வதற்குள் அலிமா என்னைப் பார்த்து, “கழுத்துல போடக் கூடாது, கையால தொடக் கூடாது, விக்கவும் கூடாது. அப்ப இது யாருக்குத்தான் இருக்கு?” என்றாள். லாங் டெர்ம் என்று சொன்னேன். தாங்கள் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். ஆயிஷம்மாள் தலையாட்டினார், ஆனால் போகும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதத்துக்கு முன் அலிமாவின் முட்டு வலி முற்றிவிட்டது. தென்காசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு மூட்டும் தேய்ந்திருக்கிறது, நடக்க வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் இந்த வருஷமே நடந்துவிடுங்கள் என்று சொன்னார். அவருக்கு எங்கள் உம்ரா பற்றித் தெரியாது; பொதுவாகச் சொன்னார். அலிமா அங்கேயே அழுதுவிட்டாள். கடையநல்லூரிலிருந்து பெருநாள் கழிந்து எட்டாம் நாள் ஒரு குழு உம்ராவுக்குக் கிளம்புகிறது, இருபத்தேழாம் நோன்புக்குள் பணம் கட்ட வேண்டும் என்று விசாரித்து வைத்தேன். ஹஜ் வேண்டாம், உம்ரா போதும், டப்பாவை விற்றுக் கொடுங்கள் என்று தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? இப்போது விற்றால் அவசரக்காரன் என்று தெரிந்துகொண்டு விலையைக் குறைப்பான், பொறுங்கள், இது லாங் டெர்ம் என்றீர்கள். எனக்கு அறுபது முடிந்து அறுபத்தொன்று நடக்கிறது. அலிமாவுக்கு ஐம்பத்தாறு. அவள் முட்டியிடம் போய் லாங் டெர்ம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் தினமும் நோன்பு திறந்தபின் மொட்டை மாடிக்குப் போய்த் கஅபாவைச் சுற்ற வேண்டிய கணக்குக்குத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏழு சுற்று நடந்து பழகுகிறாள். நான்காவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் கீழே படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த நிலைமையில் ரமலான் வந்தது. சம்பந்தி, என் ஆயுளில் நான் ஏழைக்கு ஜகாத் கொடுக்கும் அளவுக்குச் சேர்த்தவனில்லை. மாதச் சம்பளம் மாதக் கடைசியைப் பார்க்காத வீடு இது. முதல்முறையாக நான்கு லட்சம் பெறுமானமுள்ள ஒரு பொருளுக்கு நான் சொந்தக்காரன். அந்த டப்பாவால் எனக்கு வந்த ஒரே சந்தோஷம் இதுதான்: இந்த வருஷம் நானும் கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று நினைத்தேன். வருஷம் நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தாலும் ரமலானிலேயே முந்திக் கொடுத்துவிடலாமென்று, உடனே போய் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். விற்று லாபம் பார்ப்பதற்காக வாங்கியதென்றால் அது வியாபாரச் சரக்கு, இன்றைய விலைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். வெறும் தங்கமாகச் சேமித்து வைத்ததென்றால் எடையைப் பார்க்க வேண்டும். நீங்கள் எதற்காக வாங்கினீர்கள் என்றார்.  விற்கத்தான் வாங்கினேன், ஆனால் விற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் என்ன கணக்கில் கொடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

தங்களுக்குப் போன் செய்தேன். நினைவிருக்கும். ஆறு வருஷமாகத் தங்கள் பீரோவில் இரண்டு டப்பா இருக்கிறது. தாங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எடைதான் சம்பந்தி, எடைதான்” என்றீர்கள்.  எனக்கு விற்கும்போது அது தங்கமே இல்லை, வரலாறு, அபூர்வம், உலகத்திலேயே சில நூறு பேரிடம்தான் இருக்கிறது. ஏழைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு வந்ததும் வரலாறு எங்கேயோ போய்விட்டது, எட்டு கிராம் தங்கம் மட்டும் மிச்சம் இருந்தது. உட்கார இடம் பிடிக்கும்போது தென்காசி வரை போகிறேன் என்பார்கள், கட்டணம் கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறேன் என்பார்கள். அப்படிப்பட்ட ஆயிரம் பேரைப் பார்த்தவன் நான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் நான் பெண் கொடுத்திருக்கவில்லை.

சரி, எடை என்றால் எடை. சீட்டில் எடை அச்சடித்திருந்தது. ஆனால் அச்சடித்ததை அப்படியே நம்புகிறவன் செக்கிங் வேலைக்கு லாயக்கில்லை. நான் பிடித்த கள்ளச் சீட்டு அத்தனையிலும் நம்பர் இருந்தது, முத்திரை இருந்தது, ஒன்றில் திருவள்ளுவர்கூட இருந்தார். படைத்தவனிடம் கணக்கு ஒப்புவிக்கும்போது, எங்கோ முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த எடையைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. டப்பாவை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு தேரடிப் பக்கம் நல்லக்கண்ணு ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டு நகை எல்லாம் அவர் கைப்பட்டதுதான். அவர் டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், வெளிச்சத்தில் காட்டினார், என்னைப் பார்த்தார்.

“பாய், பொட்டியோட வச்சா பொட்டி எடைதான் காட்டும். உள்ள இருக்கது பித்தளையா பவுனான்னு நான் எதை வச்சுச் சொல்ல?” என்றார்.

நியாயமான பேச்சு. ஒன்பது மாதத்தில் அந்தக் காசைப் பற்றி நான் கேட்ட முதல் நியாயமான பேச்சு அதுதான். தங்கள் எச்சரிக்கை எனக்கு நினைவிருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. டப்பாவைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்று பத்து முறை சொன்னீர்கள். ஆனால் எடைதான் கணக்கு என்றும் தாங்களே சொல்லிவிட்டீர்கள். எடை கணக்கென்றால் டப்பா எதற்கு? திறங்கள் என்றேன். ஆசாரி சின்ன உளியை ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார், டப்பா இரண்டாகப் பிரிந்தது. நூறு வருஷமாக மனிதர் கை படாத ராஜா ஆசாரியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்தார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் யோசிக்க நேரமில்லை. கை பழக்கத்தில் காசை உரைகல்லில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். பிறகு திராவகத்தைத் தொட்டு வைத்துப் பார்த்து, முகம் மலர்ந்து, அசல் இருபத்திரண்டு காரட், நல்ல பவுன் பாய் என்று சந்தோஷமாகச் சொன்னார். எடை எட்டு கிராமுக்கு ஒரு இம்மி குறைவு. சீட்டில் போட்டிருந்த அதே எடை. ராஜாவின் கழுத்தோரம் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு.

எடை எழுதிய துண்டுச் சீட்டோடு ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் அதைப் படித்துவிட்டு, வீட்டில் வேறு நகை இருக்கிறதா என்று கேட்டார். அலிமாவின் நகை முழுவதும் மிஸ்ரியாவின் கழுத்தில் தங்கள் வீட்டில் இருக்கிறது. வேறு இல்லை என்றேன். “எடைக் கணக்குன்னா பதினோரு பவுன் வேணுமே. ஒரு பவுனுக்கு உங்களுக்கு ஜகாத்தே கடமையில்ல பாய்” என்றார். பதினோரு பவுன் என்ற கணக்கு எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து பள்ளிவாசல் பயானில் கேட்டு வருவதுதான். நான்கு லட்சம் என்ற எண் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதால், நானும் பணக்காரன் என்ற நினைப்பில் அது மறந்தே போயிற்று. ஆக, ஜகாத் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள டப்பாவை உடைத்தேன், ஜகாத் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு இரவே தங்களிடம் விவரம் சொன்னேன்.  “உடைச்சிட்டீயளா? இனிமே அது வெறும் பவுன்தான் சம்பந்தி” என்றீர்கள். போனை வைத்தீர்கள். அதுதான் கடைசி. மறுநாள் நான் கடைவீதியில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். அன்றைய விலைக்கு ஒரு பவுன் போட்டுத் தருகிறோம், கோடு இருப்பதால் உருக்கத்தான் வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம். மீதி மூன்று லட்சத்துக்குக் கிட்ட நான் கொடுத்தது இரண்டு துண்டு பிளாஸ்டிக்குக்கு என்று தெரிந்தது. அந்தத் துண்டுகளை அலிமா குப்பையில் போடவில்லை. கழுவித் துடைத்து மிளகுக்கும் சீரகத்துக்கும் மூடியாக வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது என்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

சம்பந்தி, இனி நான் “தாங்கள்” என்று எழுதப் போவதில்லை, கை வலிக்கிறது. நீங்கள் படித்தவர், வெளிநாடு பார்த்தவர், லென்ஸ் வைத்திருப்பவர். அந்தக் காசின் உண்மை விலை என்ன என்று ஒருநாளாவது தெரிந்திருந்ததா உங்களுக்கு? வாங்க ஆள் உண்டா? உங்களுடைய இரண்டையும் ஆறு வருஷமாக நீங்கள் விற்காமல் வைத்திருப்பது விலை ஏறட்டும் என்றா, இல்லை விற்கப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்றா? மார்க்கு, முத்திரை, அபூர்வம் என்று ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் தாங்கிப் பிடித்து ஒரு வீடு கட்டியிருக்கிறீர்கள். அதில் குடியிருக்க என்னையும் கூப்பிட்டீர்கள். நீங்கள் பெரிய ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஏமாற்றுக்காரர் என்றால் அந்நியனை ஏமாற்றியிருப்பீர்கள், ஆதாயமாவது பார்த்திருப்பீர்கள். விஷயம் தெரியாமல் தெரிந்தவர்போல் பேசி, சொந்தக்காரனைக் கவிழ்த்து, கவிழ்ந்ததும் போனை அணைத்து வைக்கிற ரகம் நீங்கள். அதற்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. மிஸ்ரியா அங்கே இருப்பதால் அதை எழுதவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் நான்கு லட்சத்தை இருபத்தேழாம் நோன்புக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோடு விழுந்த பவுனை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று வாய் திறந்து சொல்லுங்கள், நான் அலிமாவை மாடியிலிருந்து இறங்கி வரச் சொல்லிவிடுகிறேன். அவள் தெரிந்தே நடக்கட்டும் அல்லது தெரிந்தே உட்காரட்டும். இரண்டும் தெரியாமல் தினமும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பணமும் தராமல் பதிலும் தராமல் இருந்தால், இந்தப் பெருநாளைக்கு உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் சம்பந்தியம்மாவுக்கு என் ஸலாம். மருமகனுக்கும் மகளுக்கும் எங்கள் துஆ. எல்லாம் வல்லவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளுக்குள் காசு வாங்க ஒரு ஆளையும் கொடுப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
முகம்மது ஹுசைன்
(செக்கிங் இன்ஸ்பெக்டர், ஓய்வு)

பின்குறிப்பு: பிறை 22, அஸர் தொழுது முடித்து எழுதுவது. கடிதத்தை உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டும்போது மருமகன் ரிஸ்வான் வாசலில் வந்து நின்றார். என் பெயரும் அலிமாவின் பெயரும் போட்ட உம்ராக் குழுவின் ரசீது இரண்டைக் கையில் கொடுத்தார். முழுப் பணமும் கட்டியாயிற்று என்றார். யார் கட்டியது என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்று வாப்பா சொல்லியிருக்கிறார் என்று முதலில் தயங்கினார். என் தொழில் அவருக்குத் தெரியும். மூன்றாவது கேள்வியில் சொல்லிவிட்டார்.

நான் டப்பா உடைந்ததைச் சொன்ன மறுநாள் ஸஹர் சாப்பாடு முடித்த கையோடு நீங்கள் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் போயிருக்கிறீர்கள். விற்க வாங்கியதென்றால் முழு விலைக்கும் ஜகாத் உண்டு, ஆறு வருஷமும் பாக்கி என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வீட்டுக்குக்கூட வராமல் ரிஸ்வானைப் பீரோவைத் திறந்து எடுத்து வரச் சொல்லி, இரண்டு டப்பாவோடும் சென்னைக்கு ரயில் ஏறியிருக்கிறீர்கள். ஆக, ஒன்பது நாளும் நிஜமாகவே வெளியேதான் இருந்திருக்கிறீர்கள்; கையில் பணம் வராமல் என்னிடம் பேச முகமில்லை என்றுதான் கைபேசியை எடுக்கவில்லையாம். இரண்டும் விற்றிருக்கின்றன. நீங்கள் சொன்ன விலைக்கு மேலேயே, ஒவ்வொன்றும் நாலரை லட்சத்துக்கு. என்னுடையதும் டப்பாவோடு இருந்திருந்தால் அதற்கும் வாங்க ஆள் கையில் பணத்தோடு நின்றிருக்கிறார். ஆறு வருஷப் பாக்கியைக் கணக்குப் பார்த்து அங்கேயே கொடுத்து முடித்துவிட்டு, மீதியில் எங்கள் இருவருக்கும் உங்கள் இருவருக்குமாக நான்கு பேருக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். ஏன் என்று ரிஸ்வான் கேட்டதற்கு, “டப்பாவ உடைச்சது அவுக தப்பில்ல. எடைன்னு சொன்ன வாய் என் வாய்” என்றீர்களாம்.

ரிஸ்வான் போய் ஒரு மணி நேரம் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழித்துப் போடச் சொன்னாள் அலிமா. கிழிக்கத்தான் போனேன். ஆனால் புனிதப் பயணம் போகிறவர் போவதற்கு முன் உற்றார் உறவினரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது நம் வழக்கம். என்ன செய்தோம் என்று சொல்லாமல் பொதுவாக மன்னியுங்கள் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்களும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிடுவீர்கள், அந்த மன்னிப்பு செல்லாது. ஒன்பது நாள் உங்களைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் மேலே ஒன்று விடாமல் இருக்கிறது. அலிமாவிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. அதனால் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். நேரில் வந்து வாசித்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வரி தாண்டாமல் படியுங்கள் சம்பந்தி. நடுவில் கோபம் வரும், வர வேண்டியதுதான். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். முடித்ததும் “பொறுத்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அது வராமல் நான் விமானம் ஏற முடியாது, நான் ஏறாமல் அலிமாவும் ஏற மாட்டாள்.